கதவைத் தட்டிய கணித மேதை

முன்னுரை

ஆண்டுதோறும் தேர்வுகள் முடிந்து முடிவுகள் வெளிவரும் நாள்களில், எம் துறையின் வாயிலில் மாணவர் சிலர் தயங்கியவாறு வந்து நிற்பதை நாம் காண்கிறோம். கையில் விண்ணப்பம் ஒன்று. நெஞ்சில் வினாக்கள் பல. முதுகலைக்கு இடம் கிடைக்குமா? ஆய்வுப் படிப்புக்கு நெறியாளராக இருக்க யாரேனும் இசைவாரா? உதவித்தொகை வருமா? வாராவிடில் வீட்டில் என்ன சொல்வது? ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டதே, அதனால் எல்லாம் போய்விடுமா? இவ்வினாக்களுக்கு எவராலும் உறுதியான விடை கூற இயலாது. விண்ணப்பங்கள் அஞ்சலில் சென்ற காலம் போய் இணையவழியே செல்லும் காலம் வந்துவிட்டது. ஆயினும், அனுப்பிவிட்டுக் காத்திருப்போரின் நெஞ்சத் துடிப்பு மட்டும் மாறவில்லை.

அத்தகைய மாணவர்க்கு அறிவுரை பல கூறுவதினும், ஒருவரது வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதே பயன் தருவது எனக் கருதுகிறோம். கணித மேதை சீனிவாச இராமானுஜனை அறியாத தமிழர் இலர். ஆயின், நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் அவர் அடைந்த புகழையே ஆகும். கேம்பிரிட்ஜில் காலடி வைப்பதற்கு முன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் பட்ட அலைச்சலையும், எழுதிய விண்ணப்பங்களையும், பெற்ற மறுப்புகளையும் நாம் அத்துணையாக எண்ணிப் பார்ப்பதில்லை. உயர்கல்விக்கு இடம் வேண்டி நிற்கும் இளைஞர்க்கு அப்பகுதியே பெரிதும் வேண்டப்படுவது. எனவே அதனையே ஈண்டு விரித்துரைக்க முற்படுகிறோம்.

இளமையும் முதற்சிறப்பும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்த ஊர் கும்பகோணம். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். திங்களுக்கு இருபது ரூபாய் அளவே அவருக்கு ஊதியம். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பாடிச் சிறு வருவாய் ஈட்டினார். வீட்டில் மாணவர் சிலருக்கு உணவும் உறையுளும் அளித்து அக்குடும்பம் காலந்தள்ளியது.

1897-இல் நடந்த தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற இராமானுஜன், அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பரிசுகள் பல அவரைத் தேடி வந்தன. 1903-ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை மெய்ப்பிப்புகள் பெரும்பாலும் இன்றி வரிசையாக அடுக்கித் தருவது அந்நூல். தேர்வுக்குப் படிப்போர் புரட்டிப் பார்க்கும் அந்நூலை இராமானுஜன் தம் ஆசானாகவே கொண்டார். ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்த்தார். அவற்றைக் கடந்தும் சென்றார். 1904-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்திற்கென அமைந்த இரங்கநாதராவ் பரிசு அவருக்கே வழங்கப்பெற்றது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. ஊரார் பார்வையில் அவர்தம் எதிர்காலம் ஐயத்திற்கு இடமற்றதாகவே தோன்றியிருக்கும்.

உதவித்தொகை பறிபோதல்

ஆனால் அங்கேதான் சறுக்கல் நேர்ந்தது. கணிதத்தில் ஆழ்ந்த உள்ளம் பிற பாடங்களில் ஒன்றவில்லை. வரலாற்று வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் அவர் கணக்குகளையே எண்ணிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேர்ச்சி பெறாமற் போகவே, உதவித்தொகை நின்றது. கல்லூரிக் கட்டணமோ பருவத்திற்கு முப்பத்திரண்டு ரூபாய். தந்தையாரின் ஒன்றரைத் திங்கள் ஊதியத்திற்கும் மிகுதியான தொகை அது. சில திங்கள்கள் தாக்குப்பிடித்த இராமானுஜன், 1905 ஆகஸ்டில் எவரிடமும் கூறாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார்.

பதினேழு வயது இளைஞர் ஒருவர், முதல் தோல்வியை வீட்டாரிடம் சொல்ல வகையறியாது ஊரை விட்டு நீங்கிய செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. மதிப்பெண் பட்டியலை மறைத்து வைத்துக்கொண்டு தனித்துத் திரியும் மாணவர் இன்றும் உளர். அவர்தம் வேதனை புதியதன்று. அறிவிற் சிறந்தாரும் அதற்கு விலக்காகவில்லை. இராமானுஜனைத் தேடிக் கண்டு பெற்றோர் வீட்டிற்கு அழைத்து வந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். நோயுற்றுப் படிப்பு இடையில் நின்றது. எப்.ஏ. எனப்பட்ட அந்நாளைய இடைநிலைத் தேர்வை 1906 டிசம்பரிலும், அடுத்த ஆண்டிலும் எழுதினார். இருமுறையும் தோல்வியே கிட்டியது. பட்டப் படிப்பின் வாயில் அத்துடன் அடைபட்டது. பல்கலைக்கழகத்தின் ஏட்டில் அவர் தேர்ச்சி பெறாத மாணவர் ஒருவர்; அவ்வளவே.

ஏடும் கையுமாய்

அடுத்து வந்த ஆண்டுகள் அவர் வாழ்வில் மிக இருண்டவை. மிக வளமானவையும் அவையே. தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்க முயன்றார். பாடத்திட்ட எல்லைக்குள் நின்று கற்பிக்க அவரால் இயலவில்லை. 1909 ஜூலையில் சானகியை மணந்தார். குடும்பப் பொறுப்பு தோளில் ஏறியது. 1910-இன் தொடக்கத்தில் அறுவை மருத்துவம் ஒன்றும் செய்துகொள்ள நேர்ந்தது. உடல் தேறியதும் வேலை தேடிப் புறப்பட்டார். பட்டம் இல்லாத அவரிடம் காட்டுதற்கு இருந்தவை அக்குறிப்பேடுகள் மட்டுமே.

திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவரிடம் சென்று, அலுவலகத்தில் எழுத்தர் வேலை ஒன்று தருமாறு இராமானுஜன் வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் வியப்புற்றார். வருவாய்த் துறையின் கடைப்படியில் அமர்த்தி இவ்வறிவை அழித்துவிடுதல் தகாது என எண்ணி வேலை தர மறுத்தார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுக மடல்கள் எழுதிக் கொடுத்தார். மறுப்பிலும் நன்மை விளையக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

அம்மடல்களின் வழியே பேராசிரியர் சேசு ஐயரையும், அவர் வழியாக நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவையும் இராமானுஜன் கண்டார். இராமச்சந்திர ராவ் எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடவில்லை. இவ்விளைஞர் கூறுவன மெய்யா, அன்றி வெறும் மயக்கமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. சிலமுறை சந்தித்து, எளிய முடிவுகளிலிருந்து படிப்படியாக விளக்கம் கேட்ட பின்னரே ஐயம் நீங்கினார். என்ன வேண்டும் என்று அவர் வினவியபோது இராமானுஜன் பெரும்பதவி எதனையும் கேட்கவில்லை; உணவுக் கவலையின்றி ஆய்வைத் தொடரச் சிறிது பொருள் இருந்தாற் போதும் என்றார். இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்து வந்தார். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னோலி எண்களைப் பற்றிய இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

துறைமுக எழுத்தர்

பிறர் கொடையில் நெடுநாள் வாழ இராமானுஜன் மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் நம் மாணவர் கருதிப் பார்க்கத்தக்கது. எப்.ஏ. வரை பயின்றதையும், சூழ்நிலையால் மேற்கொண்டு படிக்க இயலாமற் போனதையும், தம் காலம் முழுவதையும் கணிதத்திற்கே செலவிட்டு வந்ததையும் அதில் உள்ளவாறே கூறினார். கல்லூரிப் பட்டம் இல்லை என்ற குறையை மறைக்கவும் இல்லை. அதனைச் சொல்லிப் புலம்பவும் இல்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்பாரின் பரிந்துரையும் உடன் சென்றது. மார்ச் முதல் நாளில் திங்களுக்கு முப்பது ரூபாய் ஊதியத்தில் பணி கிடைத்தது.

அவ்வலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் வல்லவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியியலார். இருவரும் இராமானுஜனின் ஆற்றலை உணர்ந்து துணை நின்றனர். மாலை வேளைகளில் நாராயண ஐயரும் அவரும் கற்பலகையும் கையுமாக அமர்ந்து கணக்கிடுவர் என்பர். ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. அம்முடிவுகளின் உயர்வையோ குறையையோ அறுதியிட்டுக் கூற வல்லார் அன்றைய சென்னையில் இலர். எனவே கடல் கடந்து மடல் எழுதுவதே வழி என அனைவரும் முடிவு செய்தனர்.

கடல் கடந்த மடல்கள்

முதல் முயற்சி 1912 நவம்பரில் நிகழ்ந்தது. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், இலண்டனிலிருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் என்பாருக்கு எழுதினார். ஹில் முற்றிலும் புறக்கணிக்கவில்லை. இவ்விளைஞரிடம் கணித நாட்டமும் ஓரளவு திறனும் உள்ளன. ஆயினும் தவறான வழியில் சென்றுள்ளார் என்பது அவர் கருத்து. விரியும் தொடர்களைக் கையாளுவதில் வேண்டும் எச்சரிக்கையை இராமானுஜன் அறியவில்லை எனச் சுட்டி, படிக்க வேண்டிய நூலையும் குறித்தார். கட்டுரை எழுதுங்கால் குறியீடுகளை விளக்காமல் ஆளக்கூடாது என்றும் அறிவுறுத்தினார். தம் மாணவராக ஏற்க மட்டும் அவர் முன்வரவில்லை.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் புகழ் பெற்றிருந்த பேக்கர், ஹாப்சன் என்னும் இரு கணித அறிஞர்களுக்கும் இராமானுஜன் எழுதினார் என்பர். அவற்றால் பயன் விளையவில்லை. அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆனால் பெயர் அறியாத ஓர் எழுத்தர், தொலைநாட்டிலிருந்து, மெய்ப்பிப்பின்றி அனுப்பிய வாய்பாடுகளைக் கண்டு ஐயுறுதல் இயல்பே. மதிப்பிடுவோரும் மாந்தரே, அவர்க்கும் காலமும் பொறுமையும் அளவுபட்டவையே. ஒருவர் படிக்காது ஒதுக்கியதனால் எழுத்து தரங்குறைந்ததாகி விடாது.

1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, டிரினிட்டி கல்லூரியிலிருந்த ஜி.எச். ஹார்டிக்கு இராமானுஜன் எழுதினார். தாம் ஆண்டுக்கு இருபது பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி முற்றுப்பெறாதவர் என்பதையும் முதலிலேயே கூறிவிட்டார். தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக உடன் வைத்தார். ஹார்டி அண்மையில் எழுதிய நூலில் இதுகாறும் விடை காணப்படாதது எனக் குறித்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தாம் விடை கண்டிருப்பதாகவும் தெரிவித்தார். அஃதாவது, யாருக்கு எழுதுகிறோம், அவர் எதில் ஈடுபட்டுள்ளார் என்பதை அறிந்தே எழுதினார்.

ஹார்டிக்கும் முதலில் ஐயமே எழுந்தது. எனினும் அவர் மடலைத் தூக்கி எறியவில்லை. அன்று மாலை தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஒவ்வொரு வாய்பாடாக ஆராய்ந்தார். சில ஏற்கெனவே அறியப்பட்டவை, சில பிழையானவை, சிலவோ அவர்கள் அதுகாறும் கண்டிராதவை. அவற்றைக் கற்பனையாகப் புனைதல் எவராலும் இயலாது. ஆதலின் அவை மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். பிப்ரவரி 8-ஆம் நாளிட்டு மெய்ப்பிப்புகளைக் கேட்டு ஆர்வத்துடன் விடை எழுதினார்.

பிப்ரவரி 27-இல் இராமானுஜன் எழுதிய இரண்டாம் மடல் உருக்கமானது. தம் உழைப்பைப் பரிவோடு நோக்கும் நண்பர் ஒருவரைக் கண்டதாக மகிழ்ந்த அவர், தாம் அரைப்பட்டினியில் இருப்பதையும், சிந்தனையைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டியிருப்பதையும் மறைக்காமல் எழுதினார். ஹார்டி பரிவுடன் ஒரு மடல் எழுதினால், பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெற அஃது உறுதுணையாகும் என வேண்டினார். இன்றைய மாணவர் பேராசிரியரை அணுகிப் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூசி நிற்கும் காட்சியை இதனோடு ஒப்பு நோக்குக. தகுதியுடையார் தகுதியுடையாரிடம் உதவி கேட்டல் இழிவன்று.

விதியும் விலக்கும்

இதே வேளையில் சென்னையிலும் முயற்சிகள் நடந்தன. சிம்லாவிலிருந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று சிறப்புற்றவர். 1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்தபோது, இராமானுஜனின் குறிப்பேட்டை ஸ்பிரிங் அவர் பார்வைக்கு வைத்தார். வாக்கர் உடனே பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். கேம்பிரிட்ஜ்க் கல்லூரி ஒன்றின் கணித ஆய்வாளரது உழைப்போடு ஒப்பிடத்தக்க தற்சிந்தனை இதில் உள்ளது எனப் பாராட்டி, கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட இவருக்குச் சில ஆண்டுகள் வாய்ப்பளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தார்.

மார்ச்சில் கணிதப் பாடக்குழு கூடி, திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் வீதம் ஈராண்டுகள் உதவித்தொகை வழங்கப் பரிந்துரை செய்தது. ஆனால் விதி குறுக்கே நின்றது. ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது. இராமானுஜனோ இடைநிலைத் தேர்விலேயே தேறாதவர். பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒன்றாதலின் விதிவிலக்கு அளிக்கலாம் என்ற கருத்து அப்போது எடுத்துரைக்கப்பட்டது என்பர். ஏப்ரலில் ஆட்சிக்குழு இசைவளித்தது. 1913 மே முதல் நாள் தொட்டு இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரானார். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை; அதனை அவர் தவறாது நிறைவேற்றினார்.

இருமுறை தோல்வி என்று எழுதிய அதே பல்கலைக்கழகம், ஆறு ஆண்டுகள் சென்றபின் ஆய்வாளர் என்று எழுதியது. தேர்வு விதிகள் தீயவை என நாம் கூறவில்லை. பல்லாயிரவரை ஒரே அளவுகோலால் அளக்க அவை வேண்டும். ஆயின், அளவுகோலுக்குள் அடங்காத ஒருவர் வரும்போது அளப்போர் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். அன்று சென்னையில் அவ்வாறு நின்று பார்த்தோர் இருந்தனர்.

கடல் தாண்டல்

இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைக்க ஹார்டி 1913 தொடக்கத்திலேயே விரும்பினார். அரசு அலுவலர் வழியாக வினவியபோது இராமானுஜன் மறுத்துவிட்டார். கடல் கடந்து செல்லுதல் அவர் பிறந்த குலத்து வழக்கத்திற்கு மாறானது, தாயாரும் இசையவில்லை. அயல்நாட்டு உணவு, உடை, மொழி ஆகியவை பற்றிய அச்சமும் இருந்தது. இடம் கிடைத்தும் போக முடியாத இத்தவிப்பு, இடம் கிடைக்காத தவிப்பினும் கொடியது எனலாம். வெளியூர்க் கல்லூரியில் இடம் பெற்றும், வீட்டாரின் இசைவுக்காகக் காத்திருக்கும் மாணவியர் பலரை நாம் அறிவோம்.

1914-இன் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர் சொற்பொழிவாற்றச் சென்னை வந்தார். இராமானுஜனின் மனத்தை அறிந்துவருமாறு ஹார்டி அவரிடம் கூறியிருந்தார். நெவில் வற்புறுத்தவில்லை, பழகினார், குறிப்பேடுகளைப் படித்தார், ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிவித்தார். இதற்குள் தாயார் கனவு ஒன்று கண்டு மனம் மாறினார் என்பர். இராமானுஜனும் இசைந்தார்.

எஞ்சியது பொருள். நெவில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். ஸ்பிரிங் ஆளுநரின் அலுவலகத்திற்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஈராண்டுகளுக்கு உதவித்தொகையும், பயணத்திற்கும் உடைக்கும் 100 பவுண்டும் வழங்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது. அத்தொகையில் திங்களுக்கு அறுபது ரூபாய் தம் பெற்றோருக்குச் சேருமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். குடுமியைக் களைந்து, பழகாத உடையும் காலணியும் அணிந்து, 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

இடம் கிடைத்த பின்னர்

இடம் கிடைத்ததோடு இன்னல் தீர்ந்ததா எனின், இல்லை. சென்ற நான்காம் திங்களிலேயே முதல் உலகப்போர் மூண்டது. காய்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. ஆய்விலும் புதிய பயிற்சி வேண்டியிருந்தது. உள்ளுணர்வால் கண்டவற்றை மெய்ப்பித்துக் காட்டும் முறையை, முன்னர் ஹில் சுட்டிய அதே குறையை, ஹார்டியின் துணையோடு சீர்செய்யக் கற்றார். 1916 மார்ச்சில், பெருமப் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிவழி இளங்கலைப் பட்டம் அளித்தது. அந்நாளில் அங்கே முனைவர் பட்டம் ஏற்படவில்லை. எப்.ஏ. தேறாதவர் அங்ஙனம் பட்டதாரியானார்.

1917-இல் கடுமையாக நோயுற்றார். அவ்வாண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுப் பேராளர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டு நிறைவேறாமற் போயிற்று. அறிவுலகம் அவர் திறனை அறிந்த பின்னரும் ஒரு மறுப்பு வந்தது என்பது கருதத்தக்கது. 1918 மே திங்களில் இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியும் அவரைத் தேர்ந்தது. அக்கல்லூரியின் ஆய்வுப் பேராளரான முதல் இந்தியர் அவரே.

1919 பிப்ரவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டுத் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. படுக்கையில் இருந்தவாறே கணித ஆய்வைத் தொடர்ந்த அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், தம் முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார். அவர் இறுதி நாள்களில் எழுதிய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976-இல் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து வருகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வாழ்க்கையிலிருந்து உயர்கல்வியை நாடும் மாணவர் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, மறுப்பு என்பது தீர்ப்பு அன்று. ஒரு மடலைப் பலர் ஒதுக்க, ஒருவர் படித்தார். அந்த ஒருவரைச் சென்றடையும் வரை எழுதுதல் வேண்டும். இரண்டாவது, காத்திருக்கும் காலத்தில் உழைப்பு நிற்றலாகாது. தம் பக்கம் எவரும் திரும்பிப் பாராத ஆண்டுகளில் நிறைந்த குறிப்பேடுகளே பின்னர் அவருக்குச் சான்றிதழ்களாயின. மூன்றாவது, குறைகூறுவோர் சொல்லிலும் கொள்ளத்தக்கது உண்டு. ஹில் இடம் தரவில்லை; ஆனால் குறையைச் சுட்டினார்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. பிற பாடங்களைப் புறக்கணித்த இராமானுஜனைக் காட்டி, நாமும் அவ்வாறு செய்யலாம் எனக் கருதுதல் பிழை. அப்புறக்கணிப்புக்கு அவர் தந்த விலை மிகப் பெரிது. அவரைப் போன்றே விலை கொடுத்து, வாக்கரும் ஹார்டியும் வாய்க்காமல் மறைந்தோர் எத்தனை பேரோ, நாம் அறியோம். வாய்ப்பு என்பதும் வாழ்வில் ஒரு பங்கு வகிக்கிறது. அதனை நம்பியே இருத்தல் அறிவுடைமை ஆகாது.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் கூறத்தக்கது இதனினும் முதன்மையானது. இராமானுஜன் தனித்து நின்று வென்றார் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மை அவ்வாறன்று. அறிமுக மடல் எழுதிய துணை ஆட்சியர், திங்கள்தோறும் பணம் அளித்த ஆட்சியர், மாலையில் உடனமர்ந்து கணக்கிட்ட தலைமைக் கணக்கர், விதியைத் தளர்த்த இசைந்த குழுவினர், நேரில் வந்து அச்சம் போக்கிய நெவில் என ஒரு சங்கிலியே அவரைக் கரை சேர்த்தது. இவர்களுள் ஒருவர் கைவிட்டிருப்பினும் சங்கிலி அறுந்திருக்கும். எம் வாயிலில் தயங்கி நிற்கும் மாணவரின் விண்ணப்பத்தை வாங்கிப் படிக்கும்போதெல்லாம், நாமும் அத்தகைய கண்ணிகளுள் ஒன்றாக நிற்கிறோம் என்ற உணர்வு எமக்கு வேண்டும். முழுதும் படித்து, அறிந்து, உண்மையாக எழுதித் தரும் ஒரு பரிந்துரை பெருங்கொடைக்கு ஒப்பானது.

நிறைவுரை

1919 ஜனவரியில், இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு மேலும் அளிக்கவிருந்த உதவித்தொகை குறித்து இராமானுஜன் பதிவாளருக்கு ஒரு மடல் எழுதினார். தம் இன்றியமையாத செலவும், பெற்றோருக்குரிய ஐம்பது பவுண்டும் போக எஞ்சும் தொகையை, ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்றோர்க்கும் பள்ளிக் கட்டணச் சலுகைக்கும் நூல்களுக்கும் பயன்படுத்துமாறு அதில் வேண்டிக்கொண்டார்.

முப்பத்திரண்டு ரூபாய்க் கட்டணம் செலுத்த வழியின்றி ஊரை விட்டு நீங்கிய இளைஞர், தமக்கு வாயில் திறந்தபின், வெளியே நிற்பவரை மறக்கவில்லை. அவர் எழுதிய விண்ணப்பங்கள் பல. அவை யாவும் தமக்கென எழுதியவை. இந்த ஒன்று பிறர்க்கென எழுதியது. இன்று தமக்கென விண்ணப்பம் எழுதும் எம் மாணவச் செல்வங்கள், நாளை பிறர்க்கென ஒன்று எழுதும் நிலையை அடைதல் வேண்டும். அதுவே நாம் விழைவது.